பொய்ச் சாட்சியும் போர்க்களச் சாட்சியும்

பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஸகாத்தைப் பெற்று வருமாறு மதீனாவிலிருந்து ஒருவர் அனுப்பப்பட்டார். அக்கூட்டத்தார் திரண்டு வருவதைத் தொலைவிலேயே கண்டு அஞ்சிய அவர், பாதி வழியில் திரும்பினார். அவர்கள் ஸகாத் தர மறுத்ததாகவும் தம்மைக் கொல்ல முனைந்ததாகவும் வந்து சொன்னார். படையெடுப்புப் பற்றிய பேச்சும் எழுந்துவிட்டது. உண்மையோ வேறு. வந்தவரை வரவேற்கவே அம்மக்கள் திரண்டிருந்தனர். திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயமான அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் இறங்கிய சூழலாக விரிவுரையாளர் பலர் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி இது.

நம்பத்தகாதவன் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரித்துக் கொள்ள வேண்டும். இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரிடும் என்பது அவ்வசனத்தின் கருத்து. இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. கொண்டு வந்தவன் தீயவன் என்பதற்காகச் செய்தியைத் தூக்கி எறியுமாறு இறைவன் பணிக்கவில்லை. ஏற்கவும் பணிக்கவில்லை. விசாரிக்கப் பணித்தான்.

இந்த ஒழுங்கு எத்துணைத் தேவையானது என்பதைக் காட்டும் வரலாறு ஒன்று 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் தம்முள் இரு அணிகளாகப் பிரிந்து வழக்காடினார்கள். போரை எதிர்த்துப் பேசுகிறவர்கள் உண்மையில் போர்க்களம் கண்டவர்கள்தாமா, அல்லது வீரர் வேடம் புனைந்தவர்களா என்பதே வழக்கு. அதன் எதிரொலி இன்றளவும் ஓயவில்லை.

பொய்யில் விளைந்த போர்

அப்போரின் தொடக்கத்திலேயே ஒரு செய்தி இருந்தது. 1964 ஆகஸ்டு 2ஆம் நாள் டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று வட வியட்நாமியப் படகுகளால் தாக்கப்பட்டது. 4ஆம் நாள் மீண்டும் ஒரு தாக்குதல் நிகழ்ந்ததாக அறிவிக்கப்பட்டது. 7ஆம் நாளே அமெரிக்கப் பாராளுமன்றம் குடியரசுத் தலைவர் ஜான்ஸனுக்குப் போர் நடத்தும் அதிகாரத்தை வழங்கிற்று. அந்த இரண்டாம் தாக்குதல் நிகழவே இல்லை என்பதை அந்நாட்டு உளவு நிறுவனத்தின் வரலாற்றாசிரியரே ஆய்ந்து எழுதினார். அந்த ஆய்வு 2005இல் மக்கள் பார்வைக்கு வந்தது. மதீனாவில் விசாரணை ஒரு போரைத் தடுத்தது. வாஷிங்டனில் விசாரணைக்கு இடமளிக்கப்படவில்லை. 1969இல் வியட்நாம் மண்ணில் இருந்த அமெரிக்கப் படையினரின் எண்ணிக்கை 5 லட்சத்து 40 ஆயிரத்தைத் தாண்டியது. போர் முடிவதற்குள் அமெரிக்கர் 58,000 பேருக்கு மேல் மாண்டனர். மாண்ட வியட்நாமியரோ பல லட்சம்.

போர்க்கோலம் பூண மறுத்தவர்களும் இருந்தனர். குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலி தம் சமயக் கொள்கையை முன்னிட்டு 1967 ஏப்ரல் 28இல் ஹூஸ்டன் நகரில் படையில் சேர மறுத்ததையும், பட்டத்தை இழந்து ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டதையும், 1971 ஜூன் 28இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியதையும் நம் வாசகர்கள் அறிவார்கள். அவர் தாம் யாரோ அவ்வாறே நின்றார். போகாத போருக்குப் போனதாகச் சொல்லிக் கொள்ளவில்லை. ஆனால், போய் வந்தவர்களே எதிர்க்கத் தொடங்கியபோது நிலைமை மாறிற்று. 1967இல் ‘போரை எதிர்க்கும் வியட்நாம் வீரர்கள்’ என்ற சங்கம் நியூயார்க்கில் பிறந்தது. போரை எதிர்ப்போர் கோழைகள் என்ற பழைய வசை இவர்களிடம் பலிக்கவில்லை. ஆதலின், இவர்கள் வீரர்களே அல்லர் என்ற புதிய வசை பிறந்தது.

தாம் காணாததைக் கண்டதாகச் சொல்லாதவர்

1968 மார்ச் 16ஆம் நாள் மைலாய் என்ற சிற்றூரில் அமெரிக்கப் படைப்பிரிவொன்று பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக நூற்றுக்கணக்கானோரைச் சுட்டுக் கொன்றது. அமெரிக்க இராணுவத்தின் கணக்கு 347. அவ்வூரில் எழுப்பப்பட்ட நினைவகத்தின் கணக்கு 504. அன்று இராணுவம் வெளியிட்ட அறிக்கையோ 128 எதிரிகளைக் கொன்ற வெற்றி என்று அதனைக் கொண்டாடியது. கைப்பற்றிய ஆயுதங்கள் மூன்றே மூன்று. 128 போராளிகளிடம் மூன்று துப்பாக்கிகள்தாமா இருந்திருக்கும் என்று கேட்பார் அன்று எவருமில்லை. போலி வீரம் தனி மனிதர் மட்டுமே புனைவதன்று. அரசுகளும் புனையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இக்கொடுமையை வெளிக்கொணர்ந்தவர் ரான் ரைடன்ஹவர் என்ற இளம் வீரர். அவர் மைலாயில் அன்று இருந்தவரல்லர். அங்கிருந்த தோழர் ஒருவர் சொல்லக் கேட்டார். நம்ப இயலாமல் மற்றொருவரைத் தேடிச் சென்று கேட்டார். பின்னும் சிலரைத் தனித்தனியே கண்டு கேட்டார். தாயகம் திரும்பிய பின், 1969 மார்ச் 29ஆம் நாளிட்ட கடிதமொன்றை எழுதி, குடியரசுத் தலைவருக்கும் இராணுவத் தலைமையகத்துக்கும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்குமாக ஏறத்தாழ 30 பேருக்கு அனுப்பினார். தாம் நேரில் காணவில்லை என்பதை மறைக்காமல், இன்னாரிடம் இன்னது கேட்டேன் என்று பெயர் சுட்டி எழுதினார். விசாரிக்க வேண்டும் என்று கேட்டார்.

ஹதீஸ் கலையில் சிறிதளவேனும் பழக்கமுடையோர் இக்கடிதத்தின் தன்மையை உடனே இனங்கண்டு கொள்வர். இது இஸ்னாத் உடைய செய்தி. அறிவிப்பாளர் தொடர் தெளிவாக இருக்கிறது. பலர் வழியாக ஒரே செய்தி வருகிறது. இறுதி அறிவிப்பாளர் தம் இடம் எதுவென்று மறைக்கவில்லை. நான் அங்கிருந்தேன் என்று ஒரு சொல் கூட்டியிருந்தால் கடிதத்துக்கு வேகம் கூடியிருக்கும். பின்னர் அந்த ஒரு சொல்லே கடிதம் முழுவதையும் கொன்றிருக்கும். அவர் கூட்டவில்லை. விசாரணை தொடங்கியது. செய்மூர் ஹெர்ஷ் என்ற பத்திரிகையாளர் 1969 நவம்பரில் செய்தியை உலகறியச் செய்தார். கடிதம் எழுதிச் சரியாக இரண்டாண்டுகள் கழிந்த அதே மார்ச் 29ஆம் நாள், 1971இல், வில்லியம் காலி என்ற படைத்தலைவர் குறைந்தது 22 பேரைக் கொன்ற குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. அவர் அனுபவித்த தண்டனை சொற்பமே. அவரன்றி வேறெவரும் தண்டிக்கப்படவும் இல்லை. எனினும் உண்மை நிலைநாட்டப்பட்டுவிட்டது. எவராலும் அதனை அசைக்க முடியவில்லை.

கூட்டிச் சொன்னோர்

இனி மறுபக்கத்தைக் காண்போம். 1970இல் மார்க் லேன் என்ற வழக்கறிஞர் வியட்நாம் வீரர்கள் பலரைக் கண்டு பேசியதாக ஒரு நூல் வெளியிட்டார். அதில் சொல்லப்பட்ட கொடுமைகள் படிப்போரை நடுங்க வைப்பவை. அதே ஆண்டு டிசம்பர் 27இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் நீல் ஷீஹன் அந்நூலுக்கு மதிப்புரை எழுதினார். வியட்நாமில் பல்லாண்டு செய்தியாளராகப் பணியாற்றிய ஷீஹன், அந்நூலில் பேசியோர் சிலரின் இராணுவப் பதிவேடுகளை விசாரித்தார். சிலர் தாம் சொன்ன படைப்பிரிவில் இருந்தவர்களே அல்லர் என்பதும், சிலர் வியட்நாம் மண்ணை மிதித்தவர்களே அல்லர் என்பதும் தெரிய வந்தன. சித்திரவதைக்கென்றே தமக்குச் சிறப்புப் பயிற்சி தந்ததாகச் சொன்ன ஒருவர், உள்நாட்டுப் படைத்தளத்தில் சாமான் கிடங்கின் எழுத்தராக வேலை பார்த்தவர்.

போர் ஆதரவாளர்கள் இதைக் கொண்டாடினார்கள். அவர்கள் கவனிக்கத் தவறியது ஒன்றுண்டு. அந்நூலைக் கிழித்தெறிந்த அதே ஷீஹன், மூன்று மாதங்கள் கழித்து, 1971 மார்ச்சு இறுதியில், அதே இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். வியட்நாமில் அமெரிக்கர் இழைத்த போர்க்குற்றங்களை விசாரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஜூன் மாதம், போர் பற்றிய இராணுவத் தலைமையகத்தின் இரகசிய ஆவணங்களை வெளியிட்டவரும் அவரே. பொய்ச் சாட்சியை வெளிப்படுத்தியதும் மெய்ச் சாட்சிக்கு வழி கேட்டதும் அவருக்கு ஒரே கடமையின் இரு கூறுகளாய் இருந்தன.

அந்நூலின் கதி வெளிப்பட்டு ஒரு மாதமே கடந்திருந்த நிலையில், 1971 ஜனவரி 31 முதல் மூன்று நாள்கள் டெட்ராய்ட் நகரில் வீரர்கள் சங்கம் ஒரு விசாரணை மன்றம் கூட்டிற்று. நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள் தாம் கண்டவற்றையும், தாமே செய்தவற்றையும் சொன்னார்கள். தமக்கு எதிராகவே ஒருவர் சாட்சி சொல்வது எளிதன்று. நீதிக்காக அதனையும் செய்ய வேண்டும் என்பது நம் திருமறையின் அந்நிஸா அத்தியாயம் காட்டும் நெறி. சாட்சி சொல்ல வந்தோர் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சான்றிதழைக் கொண்டு வர வேண்டும் என்று சங்கம் நிபந்தனை விதித்தது. ஒரே படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள் ஒரே வரிசையில் அமர்த்தப்பட்டார்கள். ஒருவர் பொய் சொன்னால் அருகில் இருப்பவர் அறிவார் என்பது ஏற்பாடு. ஹாட்ஃபீல்ட் என்ற செனட்டர் அச்சாட்சியங்களைப் பாராளுமன்றப் பதிவேட்டில் இடம்பெறச் செய்தார்.

தலைவரின் பொய்

அந்த ஏப்ரல் மாதம் அவ்வீரர்கள் வாஷிங்டன் நகரில் திரண்டு ஐந்து நாள்கள் தங்கினர். 22ஆம் நாள் ஜான் கெர்ரி என்ற இளம் கடற்படை அதிகாரி செனட்டின் வெளியுறவுக் குழுவின் முன் சாட்சியளித்தார். 23ஆம் நாள் நூற்றுக்கணக்கானோர் பாராளுமன்றப் படிக்கட்டின் முன் வந்து, தாம் குருதி சிந்திப் பெற்ற பதக்கங்களை வேலிக்கு அப்பால் வீசியெறிந்தனர். அமெரிக்க வரலாற்றில் அதற்கு முன் காணாத காட்சி அது.

அந்த வாரத்திலேயே சங்கத்தின் மீது இடி விழுந்தது. சங்கத்தின் செயலாளர் அல் ஹப்பர்ட், 18ஆம் நாள் தொலைக்காட்சியில் கெர்ரியுடன் தோன்றியபோது, விமானப்படையின் முன்னாள் கேப்டன் என்று அறிமுகம் செய்யப்பட்டிருந்தார். அவர் கேப்டன் அல்லர், சார்ஜெண்டே என்பது வெளிப்பட்டது. அவரும் ஒப்புக் கொண்டார். பதவியைக் கண்டே மனிதனை மதிக்கும் நாட்டில் தம் சொல் எடுபட வேண்டுமென்று அவ்வாறு சொன்னதாக விளக்கம் தந்தார். வியட்நாமில் அவர் பணியமர்த்தப்பட்டிருந்ததற்குப் பதிவேட்டில் சான்றில்லை என்று விமானப்படை அறிவித்தது.

அவர் நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும், நல்ல நோக்கம் பொய்யைத் தூய்மையாக்குமா? ஹதீஸ் கலை நூல்கள் நூஹ் இப்னு அபீமர்யம் என்பவரைப் பற்றிக் கூறும் செய்தி இங்கு நினைவுக்கு வருகிறது. மக்கள் குர்ஆனை விட்டு வேறு நூல்களில் மூழ்கிவிட்டார்களே என்ற கவலையால், ஒவ்வோர் அத்தியாயத்தின் சிறப்புக்கும் நபிமொழிகளைப் புனைந்தவர் அவர். குர்ஆனின்பால் மக்களை அழைக்கத்தானே என்று அறிஞர்கள் அவரை விட்டுவைக்கவில்லை. புனைந்துரைத்தோர் பட்டியலில் அவர் பெயரைப் பொறித்தார்கள். மார்க்கத்தின் பெயரால் சொல்லும் பொய், மார்க்கத்தின் பகைவன் சொல்லும் பொய்யினும் கொடிது என்பது அவர்கள் முடிவு. பகைவன் பொய்யை ஊர் ஐயுறும். பக்தன் பொய்யை ஊர் நம்பும். அது வெளிப்படும் நாளில் அவனுடைய மெய்யையும் சேர்த்தே ஊர் கைவிடும்.

ஹப்பர்டின் பொய்யால் நேர்ந்ததும் இதுவே. படிக்கட்டில் பதக்கம் எறிந்தோர் உண்மையான வீரர்கள். எனினும், அவர்களுடைய தலைவரே போலி என்ற ஒரு சொல் பல்லாண்டுகளுக்குப் போதுமானதாய் இருந்தது.

மறுப்போரின் இஸ்னாத்

போரை ஆதரித்த முன்னாள் வீரர்களின் சினத்திலும் நியாயம் இருந்தது என்பதை நாம் மறுத்தல் ஆகாது. தோழர்களைப் பறிகொடுத்து, எந்தக் கொடுமையிலும் கைவையாமல் திரும்பியவர் பலர். களம் காணாத ஒருவன் கண்டதாகப் புனைந்து, வீரர் அனைவரையும் கொலைகாரராகச் சித்திரிக்கக் கண்டால் அவர்கள் நெஞ்சு கொதியாதா? அவர்களுள் ஒருவரான பர்க்கெட் பதிவேடுகளைத் தோண்டியெடுத்து ஆராய்ந்து, 1998இல் ‘களவாடப்பட்ட வீரம்’ என்ற பொருள்படும் பெயரில் பெருநூல் வெளியிட்டார். போலி வீரர் பலர் அதில் வெளிப்பட்டனர். அவர்கள் போர் எதிர்ப்பு அணியில் மட்டும் இருந்தவர்கள் அல்லர். பதக்கம் அணிந்து மேடைகளில் தேசபக்தி பேசியவர்களும் அவர்களுள் உண்டு. பின்னர் பெறாத பதக்கத்தைப் பெற்றதாகச் சொல்வதையே குற்றமாக்கி ஒரு சட்டமும் வந்தது. பொய் சொல்வது மட்டுமே தண்டனைக்குரியதாகாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கிற்று. அப்பொய்யால் ஊதியமோ உதவியோ தேடுவதைக் குற்றமாக்கி 2013இல் மறுசட்டம் இயற்றினர்.

ஆனால் மறுப்போரும் தம் செய்திக்கு அறிவிப்பாளர் தொடர் காட்ட வேண்டுமல்லவா? 1978இல் குந்தர் லூவி என்ற பேராசிரியர், டெட்ராய்ட் சாட்சிகள் சிலர் வேறு வீரர்களின் பெயரைப் பூண்ட போலிகள் என்று கடற்படையின் புலனாய்வுத்துறை கண்டறிந்ததாகத் தம் நூலில் எழுதினார். அச்செய்தி நூலுக்கு நூல் தாவிப் பரவிற்று. பிற்காலத்தில் பத்திரிகையாளர்கள் அந்தப் புலனாய்வு அறிக்கையைத் தேடியபோது அரசுத் துறையால் அதனைக் காட்ட முடியவில்லை. அறிக்கையை நேரில் கண்டாரா என்பது தமக்கு நினைவில்லை என்றார் பேராசிரியர். இதனை நம் அறிஞர்கள் தொடர் அறுந்த செய்தி என்பர்.

2004இல் கெர்ரி குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டபோது பழைய பகை மீண்டும் மூண்டது. அவர் பெற்ற பதக்கங்களே பொய் என்று முன்னாள் கடற்படை வீரர்கள் சிலர் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தனர். அவருடைய படகில் உடன் பணியாற்றியோரில் பெரும்பாலோர் அவர் பக்கமே நின்றனர். பதக்கங்கள் முறைப்படியே வழங்கப்பட்டன என்று கடற்படையின் மேலாய்வாளரும் அறிவித்தார். எனினும் அவர் தேர்தலில் தோற்றார். போகாதவன் போனேன் என்பது ஒரு பொய். போனவனைப் போகவில்லை என்பதும் அதற்கிணையான பொய்யே.

இதற்கிடையில் ஆவணங்கள் பேசத் தொடங்கின. ‘புலிப்படை’ என்று பெயர் கொண்ட ஒரு பிரிவு 1967இல் பல மாதங்கள் வியட்நாமியக் குடிமக்களைக் கொன்றதையும், இராணுவமே நான்காண்டுகளுக்கு மேல் அதனை விசாரித்து 18 பேர் குற்றம் இழைத்ததாகக் கண்டும் ஒருவரையேனும் நீதிமன்றம் ஏற்றாமல் விட்டதையும் டொலீடோ நகர நாளிதழ் 2003இல் வெளியிட்டது. 2006இல், இராணுவத்தின் பழைய கோப்புகள் சுமார் 9,000 பக்கங்களை ஆராய்ந்தோர், இராணுவ விசாரணையாளர்களே உண்மையென உறுதி செய்த நிகழ்ச்சிகள் 320 என்று கணக்கிட்டனர். டெட்ராய்டில் நடுங்கும் குரலில் பேசியோரைப் பொய்யர் என்று ஏசிய ஆண்டுகளில், அவர்கள் சொன்னவற்றை ஒத்த செய்திகள் அரசின் அலமாரியிலேயே பூட்டிக் கிடந்தன!

நமக்கு நெருங்கிய ஒரு பொய்

இவ்வழக்கு வியட்நாமோடு முடியவில்லை. 2006இல் அமெரிக்க இளைஞர் ஒருவர், இராக்கில் சிறப்புப் படையில் இருந்ததாகவும், பள்ளிவாசலில் தொழ வந்த மக்களைக் கொன்றதில் தமக்குப் பங்குண்டு என்றும் ஒளிப்படக் கருவியின் முன் கூறினார். அப்படம் அரபு மொழியிலும் பரவிற்று. முன்னாள் வீரர்களே அவர் சீருடையின் குறைகளைக் கண்டு ஐயம் எழுப்பினர். அவர் பயிற்சி முகாமில் 44 நாள்கள் மட்டும் இருந்து வெளியேற்றப்பட்டவர். இராக்கைக் கண்டவரே அல்லர். 2007இல் ஐந்து மாதச் சிறை பெற்றார்.

இப்பொய் யாருக்குத் தீங்கு செய்தது? இராக்கில் அதற்கு முன்னரே மெய்யான கொடுமைகள் நிகழ்ந்திருந்தன. ஃபல்லூஜா நகரப் பள்ளிவாசல் ஒன்றில் காயமுற்றுக் கிடந்தவரை அமெரிக்கப் படைவீரர் சுட்டதை, 2004 நவம்பரில் உடன் சென்ற தொலைக்காட்சிப் படப்பிடிப்பாளரே பதிவு செய்திருந்தார். ஹதீஸா நகரில் 2005 நவம்பரில் 24 குடிமக்கள் கொல்லப்பட்டனர். அந்த மெய்களைக் கேட்க விரும்பாதவர்களுக்கு இந்தப் பொய் ஓர் அரிய பரிசாக வாய்த்தது. இப்படிப்பினையை அறிந்த இராக் வீரர்கள், 2008 மார்ச்சில் டெட்ராய்ட் முறையில் மீண்டும் ஒரு மன்றம் கூட்டியபோது, சாட்சிகளின் பணிப்பதிவுகளைச் சரிபார்க்கவே ஒரு குழுவை அமைத்தனர்.

நம் சமுதாயத்துக்கும் இதில் பாடமுண்டு. எங்கேனும் முஸ்லிம்கள் மீது கொடுமை நிகழ்ந்ததென்று கேட்டால் நம் நெஞ்சு துடிக்கிறது, துடிக்க வேண்டியதே. அத்துடிப்பில், வேறோர் ஆண்டின் படத்தை இவ்வாண்டினது என்றும், வேறொரு நாட்டின் பிணத்தை இந்நாட்டினது என்றும் சொல்வாரை நாம் விசாரியாமல் நம்புகிறோம்; பிறருக்கும் அனுப்பி வைக்கிறோம். பொய் வெளிப்படும் நாளில், மெய்யாகவே மாண்டவரின் தாய் சொல்லும் சொல்லும் மதிப்பிழக்கிறது. அநீதி இழைக்கப்பட்டோருக்குச் சாட்சியம் ஒன்றே சொத்து. அதில் கள்ள நாணயம் கலப்பவன், அவர்களுடைய அன்பனே ஆயினும், அவர்களைக் கொள்ளையடிக்கிறான்.

அறிவிப்பாளரை எடை போடுவது புறங்கூறலாகாதா என்று முற்காலத்தில் சிலர் தயங்கியபோது, ஹதீஸ் அறிஞர்கள் அதனை மார்க்கக் கடமையென்றே விடையிறுத்தனர். ஒரு தொடர் பழுதானால் அத்தொடரைத் தள்ளினார்கள். அதே செய்தி வேறு நல்ல தொடரில் வந்திருந்தால் அதனை ஏற்றார்கள். ஒரு பொய்யரைக் கண்டதற்காக நபிமொழிகள் அனைத்தையும் மூட்டை கட்டி எறியவுமில்லை. நபிமொழி என்ற பெயர் கண்ட மாத்திரத்தில் எல்லாவற்றையும் ஏற்கவுமில்லை. அந்த நடுநிலையை அமெரிக்க வீரர்களின் இரு அணியினரும் பலகாலம் தவறவிட்டனர். ரைடன்ஹவரும் ஷீஹனும் தவறவிடவில்லை. நம் முன்னோர் ஒரு கலையாகவே வளர்த்துத் தந்த அந்நெறியை, அடுத்த முறை ஒரு துயரச் செய்தி நம் கைக்கு வரும்போது, அதனைப் பிறருக்கு அனுப்புமுன் நாம் நினைவுகூர்வோமாக. சொன்னவர் யார், அவர் கண்டாரா, கேட்டாரா, யாரிடம் கேட்டார் என்ற இந்த நான்கு வினாக்களைக் கேட்டுப் பார்ப்பது நம் துயரத்துக்கு இழிவன்று. மாண்டவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.